ஒருவரும் என்னைத் தனியே கேட்கவில்லை

எண்பதுகளில் பிறர் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவர்கள் எங்கள் வயதில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஒருவரை ஒருவர் கண்டாலும் நாங்கள் அதைக் கதைப்பதில்லை. போன மாதம் பிரதேச செயலகத்தில் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தபோது, சுவரில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக் கூட்டி வாசித்தேன். வளர்ப்பு வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு என்ன உரிமை உண்டு என்று போட்டிருந்தது. சொந்தப் பெயர். சொந்தச் சமயம். சகோதரங்களைப் பிரிக்காமல் வைத்திருத்தல். பிள்ளையைப் பற்றி முடிவெடுக்க முதல் அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்துக் கேட்டல். கடைசி வரியை மூன்று தரம் வாசித்தேன். என் இலக்கத்தைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. பிறகு வேறொரு நாள் போகவேண்டி வந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். என்னைப் போல வளர்ந்தவர்கள் வாசித்தால் போதும்.

நாங்கள் குருநகர், கடலில் மீன் பிடிக்கிற கத்தோலிக்கச் சனம். அம்மா காய்ச்சலில் செத்தபோது எனக்கு ஆறு வயது, தங்கச்சிக்கு ஒன்றரை. பிறகு மூன்று வருசம் அப்பாதான் எங்களுக்குத் தலை வாரி இழுத்து, சோறு தீத்தி, பள்ளிக்கு விட்டார். ஒருநாள் கடலுக்குப் போனவர் வரவில்லை. நேவி கடலில் சுட்டுக்கொண்டிருந்த அந்த வருசங்களில் அது எப்படி நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பங்குச் சுவாமி தங்கச்சியைக் கன்னியர் மடத்துப் பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்தார். ஆண் பிள்ளையை அங்கே வைத்திருக்க முடியாது. பொடியன்களின் இல்லத்தில் இடமில்லை. புத்தூரில் பிள்ளையில்லாத ஒரு தோட்டக்காரக் குடும்பம் சுவாமிக்குப் பழக்கம். "ஒரு மாதத்துக்குத்தான், பிறகு பாப்பம்" என்று சொல்லி அவர்களிடம் என்னை ஒப்படைத்தார்.

அவரை மாமா என்றும் அவவை மாமி என்றும் கூப்பிடச் சொன்னார்கள். நல்ல மனிதர். அதை முதலே சொல்லிவிட வேண்டும். மாமா என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி, கால் நோகாமலிருக்க ஒரு சாக்கை மடித்துக் கட்டிக் கூட்டிப் போனார். வழி நெடுகச் சிவந்த மண். அவ்வளவு சிவப்பான மண்ணை நான் அதுவரை கண்டதில்லை. ஆரோ காயப்பட்டிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன்.

மாமி என்னைக் கிணற்றடியில் வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டினா. "உப்பு ஊறிப் போய்க் கிடக்கு உடம்பிலை" என்றா. கழுத்துக் கயிற்றில் கிடந்த, மாதா படம் தைத்த உத்தரியத்தைக் கழற்றி, ஈரம் பிழிந்து, முந்தானைத் தலைப்பில் முடிந்தா. அம்மா போட்டுவிட்டது அது. பிறகு அதை நான் காணவில்லை. கேட்கவும் இல்லை.

அந்தக் காலத்தில் அந்தப் பக்கத் தோட்டக்கார வீடுகளில் கடற்கரைச் சனத்தைக் குசினிக்குள், அடுப்படி வரைக்கும் எடுக்க மாட்டார்கள். என்னை வைத்திருப்பது தெரிந்தால் ஊர்ச்சனம் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடியாது என்று மாமி பயந்தா. எனக்கு ஒரு அர்ச்சியசிட்டவரின், புனிதரின் பெயர். அதை எடுத்துவிட்டு முருகனின் பெயர் ஒன்றை வைத்தா. கிளிநொச்சியில் இருந்த தன் ஒன்றுவிட்ட தம்பியின் மகன் என்று அயலுக்குச் சொன்னா. பள்ளிக்கூடத்திலும் அந்தப் பெயரையே கொடுத்தார்கள். பின்னேரங்களில் விளக்கு வைக்க முதல் என்னைக் குந்த வைத்துப் பாடம் கேட்பா.

"எங்கை பிறந்தனி?"

"கிளிநொச்சி."

"கொப்பர் என்ன செய்தவர்?"

"வயல்."

"சோத்தைக் கண்டால் கை நெத்திக்குப் போகப்படாது. இப்பவும் போகுது பார். கையை எடு."

சிலுவை போடுகிற கையை மறக்கச் செய்வது லேசில்லை. வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, சாப்பாடு வைக்கும் வரை காத்திருக்கப் பழகினேன்.

மாமாவுக்கு இதில் பெரிய விருப்பமில்லை. ஆனால் வீட்டுக்குள் மாமி சொன்னதுதான். ஒருநாள் நிலாவரைக் கிணற்றைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். மேலே நல்ல தண்ணீர், கீழே போகப்போக உப்பு, அடி கண்டவன் ஒருத்தனும் இல்லை, நேரே கடலுக்குப் போகுதாம் என்றார். நான் படியில் குந்தியிருந்து அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமா தோளைத் தொட்டு, "அழுறதெண்டால் இஞ்சை அழு, வீட்டை போய் அழாதை" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. அப்பா வருவதென்றால் இந்த வழியால் வரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வளவுக்கு அடுத்த வளவில் ஒரு மனிசி இருந்தா. எந்த நேரமும் எங்கள் முற்றத்தில்தான். வாய் சும்மா இருக்காது, மனம் நல்லது. ஒரு சனிக்கிழமை மீன்காரன் சைக்கிளில் வந்து வாசல் படலையடியில் நின்றான். மாமி பெட்டியில் இருந்த பாரை மீனைத் தூக்க முதல், என் கை தானாகப் போய்ச் செவிளை விரித்துப் பார்த்தது.

"உது நேத்தையான்," என்றேன்.

மாமியின் முகம் செத்துவிட்டது. அயல்மனிசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "கிளிநொச்சிக் குளத்திலை பாரை பிடிச்சுப் பழகின பொடியன் போலை!" என்றா. மாமியும் சேர்ந்து சிரித்தா. அந்தச் சிரிப்பு எவ்வளவு சொன்னது என்று எங்களில் ஒருவருக்கும் அன்று பிடிபடவில்லை.

நாலைந்து மாதம் போயிருக்கும். நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவர் வந்தா. புறொபேசன் மிஸ் என்பார்கள். சுவாமி வாயால் சொல்லிப் பிள்ளையைக் கொடுப்பது சட்டப்படி செல்லாது, கோட்டில் நீதவான்தான் ஒப்படைக்க வேண்டும், அதற்கு விசாரிக்க வந்தனான் என்றா. கையில் ஒரு கட்டுத் தாள். முழங்கை வரை புழுதி. சுன்னாகத்தில் இருந்து சைக்கிளில் வந்திருந்தா.

மாமி பாய் போட்டா, செம்பில் தண்ணீர் கொடுத்தா, இடியப்பமும் சொதியும் வைத்தா. மிஸ் வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லி மூன்றாம் தரம் சாப்பிட்டா. பிறகு சொன்னா: "பொடியனோடை கொஞ்சம் கதைக்கவேணும்."

"ஓம், கதையுங்கோ," என்று சொல்லி மாமி சுவரோடு சாய்ந்து இருந்தா. மாமாவும் வாசற்படியில் இருந்தார். வந்தவர்களைத் தனியே விட்டுவிட்டு வீட்டுக்காரர் எழும்பிப் போவது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. மிஸ்ஸும் எங்கள் பக்கத்து மனிசிதான். அவவுக்கும் அது தெரியும். சாப்பிட்ட கையின் ஈரம் காய முதல் வீட்டுக்காரியை எழும்பிப் போகச் சொல்ல அவவுக்கு வாய் வரவில்லை.

"இஞ்சை சந்தோசமா இருக்கிறீரோ?"

"ஓம்."

"ஆரும் அடிக்கினமோ?"

"இல்லை."

"தங்கச்சியோடை இருக்க விருப்பமோ?"

நான் மாமியைப் பார்த்தேன். மாமி தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தா.

மிஸ் மாமாவிடம் திரும்பினா. மட்டக்களப்பில் ஒரு வாத்தியாரும் மனைவியும் பெண் பிள்ளை ஒன்றைத் தத்தெடுக்கக் கேட்டிருக்கிறார்கள், தங்கச்சியை அவர்களுக்குப் பிடித்துக்கொண்டது என்றா. ஆனால் கூடப்பிறந்த அண்ணன் இருக்கும்போது பிரிக்க நீதவான் விரும்பமாட்டார், நீங்கள் இரண்டு பேரையும் ஏற்பதென்றால் அதைத்தான் நான் எழுதுவன் என்றா.

"ஒரு வயித்துக்குப் போடுற உலையிலை இன்னொரு பிடி," என்றார் மாமா. "எனக்கெண்டால் சம்மதம்."

"யோசிச்சுச் சொல்லுறம்," என்றா மாமி.

மிஸ் போன பிறகு குசினிக்குள் மாமி சொன்னது எனக்குக் கேட்டது. "இவன் வாய் திறவான். அவள் சின்னன். ஒரு நாளிலை எல்லாத்தையும் அவிட்டுக் கொட்டிப்போடுவாள். பிறகு நாங்கள் இந்த ஊரிலை தலை நிமித்தேலுமோ?"

அன்றிலிருந்து நான் இன்னும் குறைவாகக் கதைத்தேன். நான் பிழை விடாமல் இருந்தால் மாமிக்குத் துணிவு வரும், தங்கச்சியையும் எடுப்பா என்பது என் கணக்கு. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

வெங்காயம் கிளறி எடுக்கிற காலம் வந்தது. முற்றம் முழுக்கப் பெண்கள் இருந்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டுவார்கள். கண் எரியும். சட்டை, பாய், சோறு எல்லாம் அந்த மணம். நான் வெங்காயத் தாளைச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். படலையில் வெள்ளை உடுப்பு ஒன்று தெரிந்தது. ஒரு சிஸ்டர். அவவின் கையைப் பிடித்தபடி தங்கச்சி. பருத்தித்துறைப் பக்கம் போகிற வழியில், அண்ணனைக் காட்டிக்கொண்டு போவோம் என்று சிஸ்டர் இறங்கியிருக்கிறா. மிஸ் சொல்லித்தான் என்று பிறகு அறிந்தேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மறக்கக்கூடாது என்று மிஸ் சொன்னாவாம்.

தங்கச்சிக்குத் தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். காலில் அளவுக்கு மிஞ்சின செருப்பு.

"அண்ணை!" என்று கத்தினாள்.

வெங்காயம் கட்டின கைகள் எல்லாம் நின்றன. மாமி எழும்பி ஓடிப் படலையை மறித்துக்கொண்டு நின்றா. "சிஸ்டர், மடத்துப் பிள்ளைகளுக்குத் தானம் சேர்க்கவோ வந்தனீங்கள்? நில்லுங்கோ, ஒரு பிடி வெங்காயம் தாறன்," என்று உரத்துச் சொன்னா. பிறகு மெல்ல ஏதோ சொன்னா. சிஸ்டரின் முகம் மாறியது. அவவும் வெங்காயம் வாங்கக் கை நீட்டினா. நான் இருக்கிற இடத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பா.

தங்கச்சி மாமியின் சேலைக்குப் பக்கத்தால் புகுந்து என்னிடம் வந்துவிட்டாள். கையில் ஒரு ரொபி மிட்டாய். கனநேரம் பொத்தி வைத்திருந்ததால் தாளோடு ஒட்டிப்போயிருந்தது. அதை நீட்டினாள்.

"சேர்க்க வந்தது குடுத்துட்டெல்லோ போகுது!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அயல்மனிசி மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் குனிந்து பார்த்து மெதுவாகக் கேட்டா. "தம்பி, உவளை உனக்குத் தெரியுமோ?"

ஓம் என்று சொல்ல அவ எனக்கு வாசல் திறந்து விட்டிருக்கிறா. இப்போது விளங்குகிறது. அன்று அது எனக்கு மாமி கேட்கிற பாடத்தின் இன்னொரு கேள்வி.

"தெரியாது," என்றேன்.

தங்கச்சி அழவில்லை. நீட்டின கையை மடக்கிக்கொண்டு, திரும்பி நடந்து போய்ச் சிஸ்டரின் உடுப்பைப் பிடித்தாள். செருப்பு பெரிதானபடியால் காலை இழுத்து இழுத்து நடந்தாள். நான் வெங்காயத் தாளைச் சேர்த்தேன். அன்று முழுக்க என் கண்ணில் நீர் வந்தது. வெங்காயம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

கோட்டுக்கு இரண்டு தரம் போய்த் திரும்பினோம். ஒருநாள் நீதவான் வரவில்லை, இன்னொருநாள் ஆமி றோட்டைப் பூட்டியிருந்தது. மூன்றாம் தரம் தட்டிவானில் போனோம். மாமாவின் நடத்தைக்குச் சாட்சி சொல்ல, ஊர்ப் பதிவு பார்க்கிற விதானையார் கூட வந்தார். மாமி எனக்குப் புதுச் சேட்டுப் போட்டு விபூதி பூசினா. தங்கச்சியும் சிஸ்டரும் எதிர் வாங்கில் இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட வாத்தியாரும் மனைவியும். அந்த மனைவி தங்கச்சியின் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டே இருந்தா. தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை.

நீதவான் நல்ல மாதிரி. தங்கச்சியைக் கிட்ட அழைத்துக் கேட்டார். "பிள்ளை, அண்ணையோடை இருக்க விருப்பமோ?"

"அவருக்கு என்னைத் தெரியாது," என்றாள்.

நீதவான் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் என்ன சொல்லுறீர்? பயப்பிடாமல் சொல்லும்."

எழும்பி நின்றேன். எனக்கு ஒரு பக்கம் மாமி. மறுபக்கம் விதானையார். விதானையாருக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி. நான் தங்கச்சி என்று சொன்னால் குருநகர் வரும், அப்பா வருவார், கடல் வரும். வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீதவான் எழுதுகிற சத்தம் கேட்டது.

பதினெட்டு வயது மட்டும் நான் மாமா மாமியின் பொறுப்பு. தங்கச்சி அந்த வாத்தியார் குடும்பத்துக்கு.

வெளி விறாந்தையில் மாமா விதானையாருக்கு நன்றி சொன்னார். விதானையார் துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏன் அந்தச் சின்னனையும் எடுக்காமல் விட்டனீங்கள்? பாவமெல்லோ?" என்றார்.

மாமி ஏதோ மென்று விழுங்கினா. "இல்லை, இவனை எங்கடை சொந்தமெண்டு..."

"உதென்ன விசர்க்கதை? பொடியனைக் பங்கீட்டுக் கூப்பன் காட்டிலை பதிஞ்சது நானல்லோ. சுவாமி குடுத்த துண்டிலை தேப்பன்ரை பேர், ஊர், தொழில் எல்லாம் கிடந்தது. ஊருக்கு முழுக்கத் தெரியும். உன்ரை முகம் நோகப்படாதெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

"தெரிஞ்சுமோ தண்ணி குடிக்க வருகுதுகள்..." என்றா மாமி.

"பின்னை வராமல்? தாய் தேப்பன் இல்லாத பிள்ளையை வைச்சிருக்கிற வீடெண்டு இன்னும் கூடத்தானே வருகுதுகள்."

மாமி அந்த விறாந்தைச் சீமெந்தில் அப்படியே இருந்துவிட்டா. அவ அழுததை நான் கண்டது அன்றைக்குத்தான். தலையில் கை வைத்து, சத்தமில்லாமல். விதானையார் தன் கதையில் என்ன பிழை என்று விளங்காமல் மாமாவைப் பார்த்தார்.

கோட்டுக்கு வந்திருந்த மிஸ் என் கையைப் பிடித்துத் தூரத்தில் ஒரு வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனா. குந்தியிருந்து என் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்தா. "தம்பி, இப்ப ஒருத்தரும் இல்லை. சொல்லும். தங்கச்சியோடை இருக்க விருப்பமோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். பெயர், பாடம், வெங்காயம், ரொபி, தெரியாது என்றது. நான் அந்த வருசம் முழுக்கக் கதைத்ததை விட அந்த ஐந்து நிமிசத்தில் கதைத்தது கூட.

"ஏன் தம்பி அண்டைக்கு வீட்டிலை சொல்லேல்லை?"

"நீங்கள் மாமியை எழும்பிப் போகச் சொல்லேல்லை," என்றேன்.

மிஸ் எழும்பி உள்ளே ஓடினா. நீதவான் ஆசனத்தை விட்டு இறங்கிவிட்டார். வாசலுக்கு ஓடினா. சிஸ்டர் மட்டும் நின்றா. வாத்தியாரும் மனைவியும் தங்கச்சியோடு காரில் போய்விட்டார்கள். மிஸ் மேல்மனு எழுதினா என்று தெரியும், ஏனென்றால் மாமியும் அதில் கையெழுத்து வைத்தா. தங்கச்சியையும் நாங்களே வளர்க்கிறோம் என்று எழுதச் சொல்லி வைத்தா. அதற்குத் தவணை வர முதல் சண்டை பெரிதானது. கோடும் பூட்டிப் போச்சு, தாள்களும் எங்கோ போச்சு.

மாமி அதற்குப் பிறகு என் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினா. எனக்குத்தான் திரும்பிப் பார்க்க நேரம் எடுத்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், பிறப்புப் பதிவில் இன்னொரு பெயர் என்று ஆறாம் வகுப்புக்கு எடுக்க மறுத்தார்கள். மாமா எத்தனையோ தரம் அலைந்தார். பிறகு நான் தோட்டத்தில் இறங்கிவிட்டேன். இரண்டு பேரையும் கடைசி வரை நான்தான் பார்த்தேன். கொள்ளியும் நான்தான் வைத்தேன். அவர்களில் எனக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் லேசாக இருந்திருக்கும்.

சண்டையில் மூடிக் கிடந்த பாதை திறந்து பல வருசத்துக்குப் பிறகு, வேலையிலிருந்து இளைப்பாறியிருந்த மிஸ் விசாரித்துத் தந்த விலாசத்தோடு மட்டக்களப்புக்குப் போனேன். தங்கச்சி வீட்டு வாசலில் நின்றாள். இரண்டு பிள்ளைகளின் தாய். பேச்சு அந்தப் பக்கத்துப் பேச்சு. நான் இருபத்தைந்து வருசமாக மனதுக்குள் வைத்திருந்ததை, தேத்தண்ணி ஆறும் வரை சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்கு உதொண்டும் ஞாபகத்தில இல்ல," என்றாள். "படலையும் இல்ல, கோடும் இல்ல. அண்ணன் ஒராள் இருந்ததெண்டே பெரியாளான பிறகுதான் சொன்னாங்க."

அவள் கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டாள்.

"அம்மா பாக்க எப்பிடி இருந்தவ?"

படம் ஒன்றும் மிஞ்சவில்லை. உலகத்தில் அதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். கண்ணை மூடிப் பார்த்தேன். கிளிநொச்சி என்றும் வயல் என்றும் சொல்லிச் சொல்லி, அம்மாவைப் பற்றி ஒருவரோடும் ஒரு சொல் கதையாமல் வளர்ந்தவன் நான். பூப்போட்ட ஒரு சீத்தைச் சேலையின் கரை வந்தது. உத்தரியத்தைக் கழுத்தில் போட்டுவிட்ட கை வந்தது. முகம் வரவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னை மாதிரித்தான்," என்றேன்.

தங்கச்சி எழும்பிப் போய், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு முன்னால் நின்றாள்.